பஸ் நேரத்தை முடிவு செய்கிற மேசையில் நமக்கும் ஒரு கதிரை வேண்டும்

  

கொஸ்லந்த டவுன், பூணாகலைப் பக்கம், ஹல்துமுல்ல, மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று எல்லா இடத்திலும் இருக்கிற நம் உறவுகளுக்கு இது. பதிவு கொஞ்சம் நீளம். அரசியல் என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். விஷயம் பஸ்.

பாடசாலை விடுகிற நேரம் பகல் 1.30. மேல் டிவிசன்களுக்கு ஏறுகிற பகல் பஸ் முன்பு 1.45க்கு வெளிக்கிடும். பிள்ளைகள் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள். சில மாதமாக அதே பஸ் 1.15க்கே வெளிக்கிடுகிறது. அடுத்தது நாலு மணிக்குப் பிறகு. அறிவித்தல் ஒட்டவில்லை, கடிதம் வரவில்லை, அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை பிள்ளைகள் போய் நின்றார்கள், பஸ் போய்விட்டிருந்தது. அவ்வளவுதான்.

அது யாருடைய பஸ், எந்த டிப்போ, எந்த முதலாளி என்று இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு டிரைவரையோ கொண்டக்டரையோ திட்டி முடித்துவிடுகிற காரியம் அல்ல இது. அடுத்த டவுனில் இன்னொரு நடையைப் பிடிக்க வேண்டும், அதனால் அரை மணித்தியாலம் முந்தி எடுக்கிறோம் என்றார்கள். அவர்கள் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். அந்தக் கணக்கில் 1.30 என்ற எண் இல்லை. நம் கேள்வி அதுதான்: நம் பிள்ளைகள் எந்த நேரத்துக்கு வெளியே வருகிறார்கள் என்று தெரியாத ஒருவர், நம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரத்தை எப்படி முடிவு செய்கிறார்?

அந்த அரை மணித்தியாலம் நமக்கு என்ன விலை என்று பாடசாலையில் நிற்கிற நமக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் கடை வாசலில் நாலு மணி வரை குந்திக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய ஆண் பிள்ளைகள் ஏற்றத்தில் நடக்கிறார்கள். ஒக்டோபர், நவம்பரில் நம் பக்கம் மழை வருகிற நேரமே பகலுக்குப் பின்தான்; நனைந்த புத்தகம், காய்ச்சல், மறுநாள் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நடப்பது இதைவிடக் கொடுமை. தகப்பன் ஒரு வாரம் பார்ப்பார், இரண்டு வாரம் பார்ப்பார். பிறகு, "ஓ.எல். வரைக்கும் போனது போதும், வீட்டிலே இரு" என்பார். அந்தப் பிள்ளைக்கு கணிதம் வரவில்லை என்றோ, அவளுக்குப் படிக்க விருப்பமில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. பஸ் அரை மணித்தியாலம் முந்தியதால் ஒரு பிள்ளையின் ஏ.எல். போகிறது. எந்த அறிக்கையிலும் இது "போக்குவரத்துப் பிரச்சினை" என்று பதிவாகாது. "இடைவிலகல்" என்று பதிவாகும். அதற்கும் பாடசாலையைத்தான் கேட்பார்கள்.

இதை ஊரில் பேசினபோது நமக்குக் கிடைத்த பதில்கள் மூன்று. மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதல் பதில்: "அது மேலே முடிவு எடுக்கிற விஷயம். நமக்கென்ன தெரியும்?"

மேலே என்றால் எங்கே? பலருக்கு இது தெரியாததால்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி ஒரு மாகாணத்துக்குள்ளே ஓடுகிற பயணிகள் போக்குவரத்து மாகாண சபையின் பொறுப்பு. ஊவாவுக்குள்ளே ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு பெர்மிட் கொடுப்பது மாகாணத்தின் வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் தாண்டி ஓடுகிற பஸ்ஸுக்கு, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் இலங்கை போக்குவரத்துச் சபையுடையது. நம் A4 பாதையில் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பேரகலை தாண்டி வெல்லவாய, மொனராகலை, கிழக்கு வரை போகிற பஸ்கள் ஒரு வகை. பக்கத்து டவுனுக்கும் தோட்டத்துக்கும் ஓடுகிற பஸ் இன்னொரு வகை. தூர பஸ் நம் டவுனால் போகிறது, நமக்காகப் போகவில்லை. நாலு மைல் தூரத்தில் இறங்கப்போகிற பாடசாலைப் பிள்ளைக்காக அது பிரேக் போடாது.

இப்போது முக்கியமான இடம். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி. அந்தச் சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான். நம் பஸ்ஸுக்குப் பொறுப்பான சபையில் நாம் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட இத்தனை வருடமாக இல்லை. 1.45 ஏன் 1.15 ஆனது என்று எழும்பிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. "மேலே" என்று நாம் சொல்கிற இடம் இப்படித்தான் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்கச் சொல்வது எந்த நியாயம்?

கட்டணத்தையும் பாருங்கள். 2002இலிருந்து பஸ் கட்டணத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. டீசல், டயர், சம்பளம், திருத்த வேலை என்று 12 காரணிகளை வைத்து வருடா வருடம் ஜூலையில் கணக்குப் பார்ப்பார்கள். பஸ் முதலாளிக்கு எவ்வளவு செலவு என்பதற்குப் பன்னிரண்டு இடத்தில் கணக்கு. கொழுந்து பறிக்கிற தாய்க்கு 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் எத்தனை வீதம் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போகிறது என்பது பதின்மூன்றாவது காரணியாக இருக்கலாமே. அதைக் கேட்கிற ஆள் அந்த மேசையில் இல்லை. ஜூலை வந்தால் டீவியில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்: பஸ் உரிமையாளர் சங்கத்தார், அமைச்சர், ஆணைக்குழு அதிகாரி. பயணி என்றால் பஸ் ஸ்டாண்டில் மைக்கை நீட்டி ஒரு வசனம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

2025 ஆகஸ்டில் என்ன நடந்தது? அரச பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில் ஓட வேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்தது. இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. ஒரு பக்கம் அமைச்சு, ஒரு பக்கம் ஊழியர், இன்னொரு பக்கம் தனியார் முதலாளிமார். மூவருக்கும் சொல்ல நியாயம் இருந்தது. சண்டை முழுக்க நேர அட்டவணையைப் பற்றி. அந்த நேரத்துக்குப் போய் நிற்கிற மனிதர் மட்டும் அதில் பேசவில்லை. ஒருங்கிணைந்த அட்டவணை நல்ல யோசனைதான். இரண்டு பஸ் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடி, பிறகு இரண்டு மணித்தியாலம் ஒன்றுமே இல்லாமல் கிடக்கிற கொடுமை அதனால் தீரும். அதில் பாடசாலை விடுகிற நேரம், கொழுந்து நிறுக்கிற நேரம், கிளினிக் நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நமக்கான அட்டவணை. சேர்க்கச் சொல்ல நாம்தான் போக வேண்டும்.

இரண்டாவது பதில்: "தலைவருக்குச் சொல்லியிருக்கிறோம். அவர் பார்த்துக்கொள்வார்."

இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. மலையகத்தில் நூறு வருடமாக அப்படித்தான் காரியம் நடந்திருக்கிறது. தோட்டத்தில் தலைவர், டவுனில் பள்ளி நிர்வாகம், கிராமத்தில் பன்சலை தாயக சபை. மூன்று இடத்திலிருந்தும் மூன்று கடிதம் மூன்று மொழிநடையில் மூன்று பெரிய மனிதருக்குப் போகும். அதிகாரி மூன்றையும் வேறு வேறு கோவையில் போடுவார். ஒரே பஸ்ஸுக்காக எழுதின மூன்று கடிதமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. தேர்தல் கிட்டினால் ஒரு புது பஸ்ஸுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, போட்டோ எடுப்பார்கள். அது ஆறு மாதம் ஓடும். பிறகு "பஸ் பழுது" என்பார்கள். கேட்டு வாங்கின உரிமை இல்லை அது, கொடுத்த தயவு. தயவை எப்போதும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

பாதை விஷயத்திலும் இதே கதைதான். தோட்டத்துக்குள்ளே போகிற ரோட்டுக்கு பிரதேச சபை ஏன் செலவழிக்கவில்லை என்று வருடக்கணக்காகக் கேட்டோம். "அது கம்பெனி ரோட்டு" என்றார்கள். கம்பெனியிடம் கேட்டால், "சனம் பாவிக்கிற ரோட்டை அரசாங்கம் போட வேண்டும்" என்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு சபையின் கையைக் கட்டி வைத்திருந்தது உண்மை. அதைத் திருத்த முப்பது வருடம் போனது. 2018இல் திருத்தினார்கள். இன்று தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்று எந்தப் பிரதேச சபையும் அந்தப் பழைய பிரிவைக் காட்டித் தப்ப முடியாது. இந்தத் திருத்தம் வந்தது எத்தனை லயத்துக்குத் தெரியும்? 2025 மே 6ஆம் திகதி வாக்குப் போட்டு அனுப்பின நம் உறுப்பினர்களிடம் எத்தனை பேர் இதை வைத்துக் கேட்டோம்? ரோட்டு உடைந்து கிடந்தால் பஸ் வராது. பஸ் வராத ரோட்டை யாரும் திருத்த மாட்டார்கள். இந்த வட்டத்தை உடைக்கிற சட்டம் நம் கையில் இருக்கிறது. அதைத் தலைவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

மூன்றாவது பதில்: "ஆட்டோ இருக்கு, பைக் இருக்கு. பஸ் எதற்கு?"

இதைச் சொல்கிறவரிடம் ஒரு பைக் இருக்கும். நல்லது, அல்லாஹ் பரகத் செய்யட்டும். ஆனால் 2022ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? எரிபொருள் இல்லாமல் பாடசாலையே மூடினார்கள். பிறகு கியூ.ஆர். கோடு வந்தது. ஆரம்பத்தில் பைக்குக்கு வாரத்துக்கு 4 லீட்டர், ஆட்டோவுக்கு 5 லீட்டர். நம் ஏற்றத்தில் 5 லீட்டர் எத்தனை நடை? ஒரு கர்ப்பிணித் தாயை தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்த் திரும்பினால் பாதி முடிந்தது. ஐம்பது பேரை ஏற்றுகிற ஒரு பஸ்ஸுக்கு டீசல் தேடுவது லேசு, ஐம்பது பேருக்குத் தனித்தனியாகப் பெற்றோல் தேடுவது லேசா? "நிலைபேறான போக்குவரத்து" என்று கூட்டங்களில் பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள். நமக்கு அதன் அர்த்தம் இதுதான்: அடுத்த நெருக்கடி வந்தாலும் நிற்காமல் ஓட வேண்டும், நாள் சம்பளக்காரரின் கைக்கு எட்ட வேண்டும், மலையைக் குடைந்து குடைந்து நாசமாக்காமல் இருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிற தம்பிமாருக்கும் இது எதிரான பேச்சு இல்லை. பஸ் வருகிற சந்தி வரைக்கும் ஆட்டோ, அதற்கு மேல் பஸ் என்று ஒழுங்கு செய்தால் அவர்களுக்கும் நிலையான நடை கிடைக்கும்.

பஸ் குறைந்தால் சனம் குறையாது. இருக்கிற பஸ்ஸில் தொங்கும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் இ.போ.ச. பஸ் கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் வஃபாத்தானார்கள். ஏற்றக் கூடிய அளவுக்கு மேலே ஆட்கள் அதில் இருந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய பாதையில், நமக்குப் பக்கத்திலே, சுற்றுலா வந்த தங்காலை நகர சபைக்காரரின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் அழுகிறோம், மூன்றாம் நாள் டிரைவர் மேல் பழி போடுகிறோம். டிரைவர் மேலும் பிழை இருக்கலாம். அந்த பஸ் எந்த நிலையில் ஓடுகிறது, அந்த வளைவில் ஏன் தடுப்பு இல்லை, அடுத்த பஸ் ஏன் இல்லை என்று கேட்பது மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது.

பசறையை நினைத்துப் பாருங்கள். 2021 மார்ச் 20, லுணுகலை–பசறைப் பாதை, 13ஆம் கட்டை. காலையிலே கொழும்புக்குப் போன தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்தது. பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போன தாய் தகப்பன் அதில் இருந்தார்கள். அந்த இடத்தில் மேலேயிருந்து விழுந்த ஒரு பாறை பாதையை ஒடுக்கிக்கொண்டு கிடந்ததை அன்று நாடு முழுக்கப் பார்த்தது. அந்தப் பாறை அங்கே கிடக்கிறது என்று தினமும் அதைத் தாண்டிப் போன ஒவ்வொரு பயணிக்கும் தெரியும். பாதையில் கிடக்கிற தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று மத்ரஸாவில் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு முள்ளைக் கையால் எடுத்துவிடலாம். பத்து டொன் பாறையை அகற்ற ஓர் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை வாங்குகிற வேலையும் அதே அமலில்தான் சேரும்.

"சனத்துக்கு என்ன தெரியும், இதெல்லாம் பொறியியல்" என்று சொல்கிறவர்களுக்கு, கொஸ்லந்தயில் இருந்துகொண்டு நாம் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. மீரியபெத்த.

2014 ஒக்டோபர் 29 காலை. திகதியை நமக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்து, ஆட்களை எடுங்கள் என்று சொல்லியிருந்தது. பொறியியல் தன் வேலையைச் செய்திருந்தது. அந்த அறிவு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போய், கம்பெனிக்குப் போய், லயத்துக்கு வந்து சேர்வதற்குள் மலை வந்து சேர்ந்துவிட்டது. பாடசாலைக்கு வெளிக்கிட்டுப் போயிருந்ததால் தப்பின பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. கொஸ்லந்த ஸ்ரீ கணேசா தமிழ் வித்தியாலயத்திலும் பூணாகலையிலும் சனம் தங்கியிருந்தபோது, பள்ளியிலிருந்து சாப்பாடு போனது, பன்சலையிலிருந்து உடுப்பு வந்தது. யாரும் யாரையும் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை.

2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. 2025 நவம்பர் முடிவில் டித்வா புயலில் மலைநாடு முழுவதும் என்ன ஆனது என்று நாம் கண்ணால் கண்டோம். ஒவ்வோர் எச்சரிக்கையிலும் "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்கிறார்கள். எதில் போவது? இரவு பத்து மணிக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தால் மேல் டிவிசனில் நடக்க முடியாத கிழவிக்கு எந்த வாகனம்? யார் டிரைவர்? எந்தப் பாதை? எந்த இடத்தில் பாதை முதலில் உடையும் என்று லயத்தில் இருக்கிற அறுபது வயது மனிதருக்குத் தெரியும். எந்த மழையில் எந்தக் கானில் தண்ணீர் நிறம் மாறும் என்று கொழுந்து மலையில் நிற்கிற பெண்ணுக்குத் தெரியும். பொறியியலாளரின் அறிவும் இவர்களின் அறிவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை உயிர் இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இது புதிய வழக்கமும் இல்லை. 1848இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் பாதை வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையில் சனம் கிளம்பினதற்கு அதுவும் ஒரு காரணம். 1924 ஏப்ரலில் ரயில் பதுளைக்கு வந்தது. தேயிலை இறங்குவதற்காக வந்தது. அதற்கெல்லாம் முன்னால், நம் மூத்தவாப்பாமார் தவளம் மாட்டில் உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி கரையிலிருந்து இந்த மலைக்கு நடந்து வந்தார்கள். பாக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மலையகத் தாய் தகப்பன்மார் மன்னார் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தார்கள். இந்த மலைப் பாதைகள் எல்லாவற்றிலும் நம் எல்லோருடைய காலடியும் கையும் இருக்கிறது. பாதை எங்கே போக வேண்டும், அதில் எது எப்போது ஓட வேண்டும் என்று கேட்ட நாள் மட்டும் இன்னும் வரவில்லை.

இந்த மேசையில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். இதை நம் பள்ளி நிர்வாகங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். பஸ் கூட்டம் என்றால் பத்து ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறோம். அதில் எட்டுப் பேர் பைக்கில் வந்தவர்கள். பஸ்ஸில் போகிறவர் யார்? கிளினிக்குக்குப் போகிற தாய், கார்மெண்டுக்குப் போகிற தங்கை, ஏ.எல். படிக்கிற மகள். 2015இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இந்த நாட்டில் செய்த ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். கூட்டம் நெருக்கும் பஸ்ஸில்தான் அது நடக்கிறது. "மகளை அனுப்பப் பயம்" என்கிற தகப்பனுக்கு உபதேசம் செய்து பிரயோசனமில்லை. அவருக்கு இன்னொரு பஸ் வேண்டும், வெளிச்சமுள்ள ஒரு ஹோல்ட் வேண்டும். மகளையே கேளுங்கள், எந்த நேர பஸ்ஸில் ஏறப் பயம் என்று சரியாகச் சொல்வாள்.

வேறு இடங்களில் நடக்கவில்லையா? கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1997இலேயே மினி பஸ் திட்டம் கொண்டுவந்தார்கள். பெரிய பஸ் போகாத ஊர்களுக்குச் சின்ன பஸ். 2025இல் அதைப் புதுப்பித்தார்கள். 2021 மேயிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கட் இல்லை. அங்கேயும் குறை இருக்கிறது, பஸ் நிற்காமல் போகிறது என்ற புகார் இருக்கிறது. ஆனாலும் ஏழைப் பெண்ணின் பயணத்தை அரசாங்கத்தின் செலவுக் கணக்கில் எழுத முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவில் மொண்ட்கோமரி நகரம். 1955 டிசெம்பரில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் ஆசனத்தை விட்டு எழும்ப மறுத்ததை நாம் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு ஆசிரியை இருந்ததைச் சொல்வதில்லை. ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னாலேயே பஸ்ஸில் நடக்கிற அநியாயத்தைப் பற்றி அவர் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கைது நடந்த இரவு, விடிய விடிய உட்கார்ந்து ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரம் அடித்தவரும் அவர்தான். 381 நாள் அந்த மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தார்கள், கார் பங்கு போட்டார்கள், சர்ச்சில் கூடிப் பேசினார்கள். கடைசியில் சட்டம் இறங்கி வந்தது. நம்மிடம் பகிஷ்கரிக்க பஸ்ஸே போதாது, அது வேறு கதை. பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் நேரமும் மாறும் சட்டமும் மாறும் என்பதுதான் இதிலிருந்து நமக்கு வேண்டியது.

சரி, என்ன செய்வது? வெறுமனே பொங்கிவிட்டுப் போக இந்தப் பதிவு எழுதவில்லை.

ஒன்று. மூன்று கடிதம் போதும், இனி ஒரே கடிதம். பள்ளி, கோயில், பன்சலை, சர்ச், தோட்டத் தலைவர்மார், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், ஆட்டோ சங்கம் எல்லோரிலிருந்தும் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். "கொஸ்லந்த பயணிகள்" என்ற ஒரே பெயரில், சிங்களத்திலும் தமிழிலும். மஷூரா செய்து முடிவெடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மஷூரா பள்ளிக்குள்ளே மட்டும் என்று எங்கும் இல்லை.

இரண்டு. ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பி. எந்த பஸ், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள். ஏ.எல். பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகாகச் செய்வார்கள். புள்ளிவிபரப் பாடத்துக்கும் உதவும். "பஸ் போதாது" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டுவார். இருபது நாள் கணக்கைக் கொண்டுபோய் வைத்தால் பதில் எழுத வேண்டிவரும்.

மூன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். நம் பாதையில் எத்தனை பெர்மிட் கொடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் அங்கீகரித்த நேரம் என்ன, பகல் நடையின் நேரத்தை மாற்ற அனுமதி கொடுத்தது யார், எந்தத் திகதியில் என்று எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. சட்டத்தரணி தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் நாம் இருக்கிறோம்.

நான்கு. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 2005இலிருந்து "சிசு சரிய" சேவை இருக்கிறது. லாபம் வராத கிராமப் பாதைக்கு "கெமி சரிய" இருக்கிறது. நட்டத்தை அரசாங்கம் ஈடுசெய்கிற சேவைகள் இவை. நம் மேல் டிவிசன் பாதைக்கு இதில் ஒன்றைக் கேட்க வேண்டும். பிச்சை கேட்பது இல்லை இது. கொழும்பில் இருக்கிற பிள்ளைக்கு இருக்கிறது, நம் பிள்ளைக்கும் வேண்டும்.

ஐந்து. பிரதேச சபைக்கும் பிரதேச அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் ஒரு பட்டியல்: சரியக் கூடிய இடங்கள், விழக் காத்திருக்கிற பாறைகள், தடுப்பு இல்லாத வளைவுகள், நிழல் இல்லாத ஹோல்ட்கள். போட்டோவோடு. ஹல்துமுல்ல இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவாக அறிவித்த பிரிவு. நேர அட்டவணைப் பலகையும் பஸ் பெயர்ப் பலகையும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். எழுத்துத் தெரிந்த பாட்டி ஒருத்தி எந்த பஸ் எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டு நிற்பது நமக்கு வெட்கம்.

ஆறு. மழைக்காலம் தொடங்க முந்தி, எச்சரிக்கை வந்தால் எந்த டிவிசனுக்கு எந்த வாகனம், யார் டிரைவர், எங்கே கூடுவது என்று எழுதி லயத்துக்கு லயம் ஒட்ட வேண்டும். இதற்குக் காசு தேவையில்லை.

"இதெல்லாம் நடக்குமா சேர்" என்று கருத்தில் எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. நடக்காது என்று சொல்கிறவர்கள் நடக்கவிடாமல் செய்கிறவர்களுக்கு இலவசமாக வேலை செய்கிறார்கள். உங்கள் டிவிசனுக்கு எந்த நேரத்தில் பஸ் வேண்டும், இப்போது எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் கருத்தில் எழுதுங்கள். அரசியல்வாதிகளின் பெயரைப் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் கருத்துகளை எடுத்துவிடுவோம். போன் இல்லாத வீட்டுக்கு வாசித்துக் காட்டுங்கள். சிங்கள நண்பர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே ஹோல்டில்தான் நிற்கிறார்கள்.

முதலாவது கோரிக்கை சின்னது. பகல் பஸ் மறுபடி 1.45க்கு வெளிக்கிட வேண்டும். முப்பது நிமிடம்தான். அதையே நம்மைக் கேட்டு முடிவு செய்ய வைக்க முடிந்தால், மற்றதையும் செய்ய வைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.